எழுத வருமா என்பது எப்போது தெரியும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதுகிறவர் கேட்டிருக்கிறார். வயது 34. பள்ளிக்கூட நாளிலிருந்தே கதை எழுத ஆசை, இரண்டு நோட்டு நிறைய எழுதியும் வைத்திருக்கிறார். படித்துப் பார்த்த நண்பர், "இதெல்லாம் கருவிலேயே இருக்கணும்ப்பா, பழகி வர்ற சமாச்சாரம் இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாராம். எழுத்துத் திறமை பிறவியா, பழக்கமா? பணம் கட்டி ஓர் இணைய வகுப்பில் சேரலாமா? இந்த இரண்டும் அவர் எழுதிக் கேட்டவை. எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் இருக்கிறது. பத்து வருஷம் இதில் போட்ட பிறகு 'உனக்கு இது வராது' என்று தெரியவந்தால் என்ன செய்வது, அதை இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதுதான் அது. பிறவியா பழக்கமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. மூன்றாவதற்கு ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நான் நீலகிரியில் அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குன்னூர், கோத்தகிரி, பந்தலூர் என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் மலைதான். பணிக்காலத்தில் அதிகம் செய்த வேலை கட்டுரை நோட்டு திருத்துவது. இப்போது, எழுத முயல்கிற சிலர் கொண்டுவரும் கதைகளைப் படித்துப் பென்சிலால் குறித்துக் கொடுக்கிறேன். உளவியல் படித்தவன் இல்லை. அந்தத் துறையின் ஆய்வுகளை ஆர்வத்தில் தேடிப் படித்தவன், அவ்வளவுதான். ஆகவே கீழே எழுதுவதில் எது ஆய்வு, எது நான் கண்ணால் பார்த்தது, எது வெறும் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

நம்மிடம் இந்த வாக்குவாதம் பழையது. சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம், கல்வி மனப்பழக்கம் என்று ஔவை பெயரில் வழங்கும் தனிப்பாடல் தமிழைப் பழக்கத்தின் கணக்கில்தான் எழுதுகிறது. நட்பு, தயை, கொடை ஆகியவற்றைத்தான் பிறவிக்குணம் என்கிறது. உங்கள் நண்பர் சொன்ன 'கருவிலே திரு' அதற்கு நேர் எதிர்ப்பக்கம். காளமேகத்தின் கதை இந்த இரண்டிலும் சேராது. திருவானைக்காவில் அம்பாளின் தாம்பூலம் வாயில் விழுந்தது, மடைப்பள்ளி ஆள் அன்று முதல் கவி மழையாகப் பொழிந்தார் என்கிறது அந்தக் கதை. பிறவியும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஒரே ராத்திரி. கதை அழகுதான். ஆனால் சிலேடை வெண்பா என்பது எதுகையும் மோனையும் தளையும் காதில் ஊறிப்போனவர் வாயில் மட்டுமே வரும். அவர் எங்கே, யாரிடம், எத்தனை வருஷம் கேட்டு ஊறினார் என்பதைக் கதை முழுங்கிவிட்டது. இப்படிப்பட்ட கதைகளைக் கட்டியவர்கள் எல்லாரும் முடிந்த பாட்டைக் கேட்டவர்கள்; பாடிப் பாடிப் பழகியதைப் பார்த்தவர்கள் அல்ல.

ஆய்வுகளுக்கு வருகிறேன். 1869-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், பெரிய நீதிபதிகள், எழுத்தாளர்கள், விஞ்ஞானிகளின் குடும்பங்களை வரிசைப்படுத்தி, மேதைமை ரத்தத்தில் ஓடுகிறது என்று ஒரு புத்தகம் போட்டார். நீதிபதி மகன் நீதிபதி வீட்டில்தான் வளர்கிறான், அவன் வீட்டில் பேச்சும் புத்தகமும் வேறு, வாய்ப்பும் வேறு என்பதற்கு அவர் போதிய மதிப்புத் தரவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பார்த்து எதிர்ப்பக்கம் பேசினார்கள். மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். 2008-ல் ஒரு பிரபலப் புத்தகம் அந்த எண்ணை எடுத்துச் சட்டமாக்கியது. இன்றைக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாத ஆள் இல்லை. எரிக்சனே அதை மறுத்தார். அது சராசரிதான், அந்த எண்ணில் மாயம் ஒன்றும் இல்லை, வெறுமே மணி எண்ணுவது பயிற்சி ஆகாது என்றார். 2014-ல் மெக்னமாரா என்ற ஆய்வாளரும் மற்ற இருவரும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் பயிற்சியால் விளக்க முடிந்த பங்கு, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18, படிப்பில் 4, மற்றத் தொழில்களில் ஒன்றுக்கும் கீழே என்று வந்தது. எரிக்சன் அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சி என்று சொல்லத் தகாததையெல்லாம் சேர்த்து எண்ணிவிட்டார்கள் என்றார்.

இந்தச் சண்டையிலிருந்து எழுத்துக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? கொஞ்சம்தான். வயலினில் சுருதி விலகினால் கேட்கிற எல்லாருக்கும் தெரியும், சதுரங்கத்தில் யார் ஜெயித்தார் என்று தெரியும். ஒரு கதை நன்றாக இருக்கிறதா என்பதில் இரண்டு வாசகர்கள் ஒத்துப்போவதே கஷ்டம். அளக்க முடியாத ஒன்றைப் பிறவிக்கு இத்தனை, பயிற்சிக்கு இத்தனை என்று பங்கு போட்டுக் காட்டுகிறவரை நான் நம்புவதில்லை. ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த ஆயிரக்கணக்கான இரட்டைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள், இரண்டு கருவாக உருவான இரட்டையர்களைவிட வாசிப்புத் திறனில் ஒருவரோடொருவர் அதிகம் ஒத்திருக்கிறார்கள். அதாவது வாசிப்பு எளிதாக வருவதிலும் சிரமப்பட்டு வருவதிலும் பிறப்புக்குப் பங்கு இருக்கிறது. எழுத்துக்கூட்டுவதில் குடும்பவழியாக வரும் சிரமம், அதான் டிஸ்லெக்ஸியா, புத்தியைப் பற்றிய விஷயமே இல்லை என்பதும் உறுதி. ஆனால் இந்தக் கணக்குகள் ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுகின்றன, ஒரு தனி ஆளின் எல்லையைப் பற்றி அல்ல. எல்லாருக்கும் பள்ளிக்கூடமும் புத்தகமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கிடைக்கிற நாட்டில்தான் பிறப்பின் பங்கு பெரிதாகத் தெரியும். வீட்டுக்கு வீடு வாய்ப்பு மாறுகிற ஊரில் அந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

எங்கள் மலை அப்படிப்பட்ட ஊர்தான். என் வகுப்பில் ஒரு பெஞ்சில் நாலு பிள்ளைகள் உட்கார்ந்தால் நாலு வீட்டு மொழி. ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வரும் பையனுக்கு வீட்டில் படகு மொழி, கூடலூர் பந்தலூர்ப் பக்கம் மலையாளம், சிலருக்குக் கன்னடம். 1964-ன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் இலங்கை மலையகத் தமிழ். அந்தக் குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே வாத்தியார். கட்டுரை மட்டும் ஒரே மாதிரி வராது. ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே 'இவனுக்குப் பிறவியிலேயே எழுத்து வந்திருக்கு' என்று சொல்வது மிகச் சுலபம்.

ஒரு பையன், எட்டாம் வகுப்பு. வீட்டில் விற்றுவிட்ட எருமையைப் பற்றி எழுதியிருந்தான். அது செய்த குற்றங்களை வரிசையாக அடுக்கியிருந்தான். வேலியை உடைத்தது குற்றம், பக்கத்து வீட்டு முட்டைக்கோசைத் தின்றது குற்றம், கன்றுக்குப் பால் விடாமல் உதைத்தது குற்றம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் சந்தத்தில் வந்து விழுந்தது. கடைசியில் எல்லாக் குற்றத்தையும் மன்னித்து அதை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அறையில் இருந்த எல்லாரும் வாங்கி வாங்கிப் படித்தோம். பிறவிக் கவி என்று அன்றைக்கே பட்டம் கொடுத்தாயிற்று. பின்னொரு நாள் அவன் ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். படகர் வழக்கப்படி பெரியவர் ஒருவர் நின்று, இறந்தவர் தெரிந்தும் தெரியாமலும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார், சுற்றி நின்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் 'அது பாவம்' என்கிறார்கள். பையனின் எருமைக் கட்டுரை அப்படியே அந்த நடையில் இருந்தது. தவழுகிற வயதிலிருந்து கேட்டு வந்ததை அவன் எருமைக்கு மாற்றிப் போட்டிருக்கிறான். மாற்றிப் போடத் தோன்றியது அவனுடையது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சந்தம் ஊரினுடையது.

இன்னொரு பெண், பந்தலூர்ப் பக்கம். அவள் கட்டுரையில் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), கணக்கப்பிள்ளை என்று பாட்டியின் தோட்டச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார், நடுவில் சந்தேகம் கேட்பார் என்று தெரிந்தே சொல்வதுபோல எழுதுவாள். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அதைக் கற்றுத்தரவில்லை; தினமும் சாயங்காலம் அடுப்படியில் கதை சொன்ன ஒரு கிழவி கற்றுத்தந்தாள். புத்தகம் நிறைந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதுவார்கள், வாக்கியம் முடிகிற இடம் தெரியும். ஆனால் பெரும்பாலும் யாரோ எழுதியதைத் திரும்ப எழுதியதாகவே இருக்கும். நான் பார்த்தவரை, பிறவி என்று நாம் பெயர் வைக்கிறதில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் போகும் முன்பே காதில் விழுந்தது. இது என் அனுபவம்தான். ஆய்வு முடிவு என்று யாரிடமும் எடுத்துச் சொல்லிவிடாதீர்கள்.

இதே மலையில் இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 1930-களில் முர்ரே எமனோ என்ற மொழியியல் அறிஞர் உதகைப் பக்கம் தோடர்களிடையே தங்கி அவர்கள் பாட்டுகளைக் கேட்டு எழுதினார். 1971-ல் அவை பெரிய நூலாக வந்தன. தோடர்கள் அப்போது சில நூறு பேர்தான். பாட்டுக் கட்டுவது அவர்களில் தனியொரு புலவர் கூட்டத்தின் வேலையாக இல்லை. ஆண் பெண் என்றில்லாமல் கட்டினார்கள். இழவுக்கு, எருமைச் சடங்குக்கு, விருந்தாளி வந்ததற்கு என்று சமயம் வாய்த்தபோதெல்லாம் பாட்டு. பழகிப்போன தொடர்கள் இரண்டிரண்டு சோடியாக வரும், அவற்றை எடுத்துப் புதிய சமயத்துக்குப் பொருத்துவார்கள். சிலர் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதும் அவர்களுக்குள் தெரிந்த விஷயமே. இதைப் படித்த பிறகு பிறவியா பழக்கமா என்ற கேள்வியை நான் இரண்டாக உடைத்துக்கொண்டேன். பாட்டுக் கட்ட வருமா என்பது ஒன்று. அது ஒரு சமூகம் முழுவதற்கும் வரும், சிறுவயதிலிருந்து கேட்டு, தயங்காமல் முயன்றால். அதில் கெட்டிக்காரராக ஆவோமா என்பது வேறு. அதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். உங்கள் நண்பர் இரண்டாவதைச் சொல்லி முதலாவதையும் மூடப் பார்க்கிறார்.

காதில் விழாமல் போனவர்கள் கதி என்ன, பிந்தித் தொடங்கினால் முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சுந்தர ராமசாமி பால்யத்தில் கோட்டயத்தில் வளர்ந்தவர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்தவர். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயதை ஒட்டித்தான். தமிழ் உரைநடையில் சொல்லை எடைபோட்டு வைத்தவர்கள் என்று பட்டியல் போட்டால் அவர் பெயர் இல்லாமல் போடமுடியாது. கி. ராஜநாராயணன் பெரிய படிப்புப் படிக்கவில்லை, முப்பது வயதைத் தாண்டித்தான் எழுதவே வந்தார். ஆனால் அவருக்குக் கரிசல்காட்டுப் பேச்சு முழுக்கக் காதில் இருந்தது, அதையும் மறக்கக் கூடாது. பதினைந்து வயதில் கல்யாணமாகி, கல்லூரி பார்க்காத ராஜம் கிருஷ்ணனைப் பாருங்கள். கணவர் மின்துறைப் பொறியாளர், அவரோடு ஊர் ஊராகப் போனார். நம் நீலகிரிப் படகர் வாழ்க்கையை வைத்துக் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். பிறகு தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய், அங்கே வேலை செய்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசி ஒரு நாவல் எழுதினார். படகு அவர் வீட்டு மொழியும் இல்லை, உப்பளம் அவர் வீட்டுத் தொழிலும் இல்லை. போய்க் கேட்டு எழுதினார். பாரதியைப் பிறவிக் கவிஞர் பட்டியலில் முதலில் வைப்போம், எட்டயபுரத்தில் சிறுவயதிலேயே பட்டம் வாங்கியவர் என்பது உண்மைதான். அவருடைய உரைநடைக்கு வேறொரு பள்ளிக்கூடம் இருந்ததை மட்டும் பேசமாட்டோம். 1904 முதல் சுதேசமித்திரனில், ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தினமும் தமிழாக்கிக் கொடுக்கும் வேலை அது. நேரத்துக்குக் கொடுத்தாக வேண்டும், படிப்பவருக்குப் புரிந்தாக வேண்டும். அதற்கு மேல் ஒரு பயிற்சியை எந்த வாத்தியாரும் தந்திருக்க முடியாது. இந்த உதாரணங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடும் பார்க்க வேண்டும். இதே மாதிரி உழைத்தும் பெயர் வராமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு 'உழைத்தால் வரும்' என்று சொல்வது கால்டன் செய்த வேலையின் மறுபக்கம்.

அப்படியென்றால் பிறவியில் வருவது ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு முன்னால் தரகு கம்பெனிகளில் டீ டேஸ்டர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து உறிஞ்சித் துப்புவார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.சி. என்று ஒரு ரசாயனம். சிலர் நாக்குக்குக் கடும் கசப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது, அது மரபணுவில் வருவது. கசப்பு நன்றாகத் தெரிகிற நாக்கோடு பிறந்தவர் எல்லாரும் டேஸ்டர் ஆவதில்லை. அனுபவஸ்தர் பக்கத்தில் நின்று, அவர் சொன்னதும் தான் நினைத்ததும் எங்கே விலகியது என்று கோப்பைக்குக் கோப்பை ஒப்பிட்டுத்தான் ஆகிறார்கள். எழுத்திலும் அப்படி ஏதோ ஒன்று பிறவியில் வருகிறது என்றுதான் நினைக்கிறேன். சிலருக்கு ஓசை சட்டென்று பிடிபடும், சிலருக்கு நினைவு கூர்மை, சிலர் கூச்சமில்லாமல் மற்றவர் பேச்சை ஒட்டுக்கேட்பார்கள். எருமைக் கட்டுரை எழுதிய பையனுக்கு ஒரு தம்பி இருந்தான். அதே வீடு, அதே சாவுப் பாட்டு, அதே வாத்தியார். தம்பியின் கட்டுரையில் ஒன்றும் ஒட்டவில்லை. அவனுக்குக் கணக்குதான் இனித்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. கவனம் எதில் போய் நிற்கிறது என்பதை நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. கற்றுக்கொடுத்தவர் என்று யாரையும் பார்த்ததும் இல்லை. அதன் பிறகு வருகிற எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அதன் பிறகு வருவதில் பெரியது திருத்தி எழுதுவது. இங்கே ஆய்வும் என் அனுபவமும் ஒரே பக்கம் நிற்கின்றன. 1980-ல் நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை, கல்லூரி மாணவர் இருபது பேரையும் பத்திரிகையாளர், பதிப்பாசிரியர் போன்ற தேர்ந்த இருபது பேரையும் எழுதவைத்துத் திருத்தச் சொன்னார். மாணவர்கள் சொல்லை மாற்றினார்கள். ஒரே சொல் இரண்டு முறை வந்தால் அடித்துவிட்டு வேறு போட்டார்கள், அதோடு திருத்தம் முடிந்தது. தேர்ந்தவர்கள் முழுதையும் குலைத்தார்கள். தாங்கள் என்ன சொல்ல வந்தோம் என்பதையே எழுதிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள், அதற்கேற்ப மறுபடி கட்டினார்கள். 1987-ல் பெரைட்டர், ஸ்கார்டமாலியா என்ற இருவர் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். தெரிந்ததை வரிசையாகக் கொட்டுவது தொடக்கக்காரர் பழக்கம், எழுதும்போதே தெரிந்ததை மாற்றி யோசிப்பது தேர்ந்தவர் பழக்கம் என்பது அவர்கள் கட்சி. நம் பள்ளிக்கூடம் முதலாவதை மட்டும் பழக்குகிறது. குறிப்புச் சட்டகம் போட்டு, முன்னுரை பொருளுரை முடிவுரை என்று பிரித்து, கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து கொட்டினால் முழு மதிப்பெண். ஒரே கட்டுரையை மூன்று தடவை எழுதிய பிள்ளையை எந்தப் பரீட்சையும் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் பள்ளியில் 'நன்றாக எழுதுகிறவன்' என்று பெயர் வாங்கியவர்கள் பலர் பின்னால் எழுதவே இல்லை, பெயர் வாங்காத சிலர் எழுதுகிறார்கள்.

வருஷக்கணக்கில் எழுதினாலே கைவந்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. தாலுகா அலுவலக வாசல்களில் மனு எழுதிக் கொடுப்பவர்களை உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஒருவர் பல வருஷமாக ஒரே மனுவைத்தான் எழுதுகிறார். பெயரும் சர்வே எண்ணும்தான் மாறும். இன்னொருவர் வந்தவரைப் பேசவிடுவார். அழுகையும் கோபமும் பங்காளிச் சண்டையும் கலந்து அரைமணி நேரம் வரும். கேட்டுவிட்டு, "சரி, உங்களுக்கு இப்ப வேண்டியது பட்டாவா, பாதையா?" என்று ஒரே கேள்வி. அப்புறம் அரைப் பக்கத்தில் மனு. அதிகாரி எந்த வரியில் நிறுத்துவார் என்று தெரிந்து எழுதுவார், மனு தள்ளுபடியாகித் திரும்பி வந்தால் ஏன் என்று பார்த்து அடுத்ததை மாற்றுவார். இருவருக்கும் அனுபவம் ஒரே அளவு. ஒருவருக்கு மட்டும்தான் அது பயிற்சியாக ஆகியிருக்கிறது.

சரி, உங்கள் இரண்டு நோட்டுக்கு வருகிறேன். அவற்றை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் உங்களுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று சொல்லமாட்டேன். முதல் பிரதியை வைத்து அதைச் சொல்ல முடியாது; நிறைய முதல் பிரதிகளைப் படித்த பிறகுதான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். நன்றாக எழுதுகிறவர்களின் முதல் பிரதியும் மற்றவர்களின் முதல் பிரதியும் பக்கத்தில் வைத்தால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. மூன்றாவது பிரதியில் தெரியும். எனவே நோட்டிலிருந்து ஒரே ஒரு கதையை எடுங்கள், பிடித்ததை அல்ல, உறுத்துவதை. நோட்டை மூடிவைத்துவிட்டு அதே கதையை வேறு தாளில் முதலிலிருந்து எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் படியுங்கள், நாக்கு இடறுகிற இடத்தில் கோடு போடுங்கள். மூன்றாவதில் முதலில் இல்லாத ஏதோ ஒன்று, நீங்களே எதிர்பார்க்காதது, வந்திருந்தால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெறும் சொற்கள் மட்டும் மாறியிருந்தால் இன்னொரு கதையை எடுத்துப் பாருங்கள். நாலைந்து கதையை இப்படிச் செய்யப் பத்து வருஷம் தேவையில்லை. மறுபடி எழுத உட்காருவதே வேண்டாவெறுப்பாக இருக்கிறது, எழுதி முடித்ததைப் பிறருக்குக் காட்டுவதில் மட்டும்தான் சந்தோஷம் என்றால், அதையும் மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். வாசகராக இருப்பது ஒன்றும் கேவலமில்லை.

நோட்டில் என்ன கதைகள் என்று நீங்கள் சொல்லவில்லை. உங்கள் வயதில் எழுத வருகிறவர்கள் என்னிடம் காட்டுவது பெரும்பாலும் சென்னையில் நடக்கும் காதல் கதை. நீங்கள் இருக்கும் இடத்தில் தினமும் இலை வருகிறது. எடை போடும்போது ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிப்பது என்று வாக்குவாதம் நடக்கிறது, கொழுந்து முற்றிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள், பச்சைத் தேயிலை விலை இறங்கிய வாரத்தில் முன்பணம் கேட்டு வந்து நிற்பவர் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கவ்வாத்து, அதாவது செடி வெட்டு, முடிந்த தோட்டத்தில் வேலையில்லாமல் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். அந்தப் பேச்சைக் கதையாக்க வேண்டும் என்றுகூட இல்லை, கேட்டபடியே தினம் பத்து வரி எழுதி வையுங்கள். பிந்தி வந்தவர்களுக்குக் காது வளர நான் அறிந்த ஒரே வழி இது. பேச்சை எழுதும்போதுதான், ஒருவர் சொல்ல வந்ததை எத்தனை சுற்றிச் சொல்கிறார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார் என்பது தெரியவரும்.

நண்பரைப் பற்றி ஒன்று. அவர் படித்ததே பெரிய உதவி, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 'உனக்கு வரும், வராது' என்று சொல்கிறவரைவிட, 'இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை, இங்கே தாவிப் படித்தேன்' என்று சொல்கிறவர்தான் உங்களுக்குத் தேவை. அடுத்த தடவை கொடுக்கும்போது அவரிடம் பென்சிலைக் கொடுத்து, சலித்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கருத்துச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வகுப்பு விஷயம். கட்டணம் வாங்கும் வகுப்புகளில் நல்லதும் உண்டு, ஏமாற்றும் உண்டு. நீங்கள் குறிப்பிட்டதைப் பற்றி எனக்குத் தெரியாது. சேருவதற்கு முன் ஒன்று மட்டும் கேளுங்கள். நான் எழுதிய பக்கத்தை நடத்துகிறவர் தானே வரிவரியாகப் படித்துக் குறித்துத் தருவாரா, திருத்தி எழுதியதை இரண்டாம் முறையும் படிப்பாரா? ஆமாம் என்றால், கையில் இருக்கும் பணத்துக்குக் கட்டுப்படியானால், சேருங்கள்; அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவர் பேசுவார், நூறு பேர் கேட்பார்கள், கடைசியில் சான்றிதழ் தருவார்கள் என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கலாம். வாங்க முடியாததற்கு உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள், அங்கே இல்லாவிட்டால் உதகை மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். மூன்றாவது பிரதி முடிந்த பிறகும் படித்துக் குறித்துக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். மூன்று பிரதிகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும், கடைசியை மட்டும் அல்ல.